மண் டீச்சரின் மைதானம் ஏன் பூட்டியிருக்கிறது?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவரான எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கார அண்ணே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, எப்போது வேண்டுமானாலும் நழுவிவிடத் தோதாகக் கதவோரம் இடம்பிடித்திருக்கும் பெற்றோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைப் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்பு வாத்தியார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேக சார். அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை. சாக்பீஸ் உடைந்து கிடந்தால் யார் உடைத்தது என்று கேட்பேன். முழுசாக இருந்தால் ஏன் இன்னும் ஒருத்தரும் உடைக்கவில்லை என்று கேட்பேன். இப்படிப்பட்ட ஆளை இரங்கல் உரைக்கு அழைத்தது உங்கள் பொறுப்பு.

மேடை ஏறும்போது ஒருவர் என் காதில், "சுருக்கமா முடிச்சிடுங்க சார்" என்றார். ஏன் சுருக்கமாக? எல்லோரும் நிதானமாகத்தானே பேசினார்கள்? என் முறை வந்ததும் மட்டும் என்ன அவசரம்? சரி, போகட்டும். என் சந்தேகத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மறைந்த மண் டீச்சர் அவர்கள், பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரையே நானும் சொல்கிறேன், தம் பணிக்காலமெல்லாம் நின்ற இடம், இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன மைதானம். அவர் இறந்த அன்றிலிருந்து அந்த மைதானத்தின் கதவில் பூட்டு தொங்குகிறது. இடைவேளையிலும் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். துக்கம் அனுசரிக்கிறோம் என்று தாளாளர் ஐயா அவர்கள் சற்று முன் சொன்னார்கள். ஐயா, துக்கம் என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் துக்கத்துக்கு எதற்குப் புதுப் பூட்டு?

பூட்டு விஷயத்துக்கு அப்புறமாக வருகிறேன். முதலில் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே பேசியவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை.

பொறுமையின் உருவம் என்றார் ஒருவர். யார், மண் டீச்சரா? பிள்ளைகளிடம் அவருக்குப் பொறுமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் எங்கே இருந்தது? ஆசிரியர் கூட்டத்தில் யாராவது இரண்டாவது முறையாக "ஒழுங்கு" என்ற சொல்லை எடுத்தால் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாரே! பிள்ளைகளுக்கு எத்தனையோ விளையாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார் என்றார் இன்னொருவர். சபையோரே! அவர் ஒரு விளையாட்டைக்கூடக் கற்றுக்கொடுத்தது கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். ஒளிந்திருந்ததற்கு வெட்கப்படவில்லை, அதற்குக் காரணம் இருந்தது.

காரணம் இதுதான். இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஒன்று டீச்சருடையது. இரண்டு பிரிவும் அடுத்த ஆண்டு என்னிடம்தான் வந்து சேரும். நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் 'எங்கள் வீட்டுக் கதவு' என்று ஒரு தலைப்புக் கொடுத்து வீட்டில் எழுதிவரச் சொன்னேன். மற்றப் பிரிவுப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எங்கள் வீட்டில் கதவு உள்ளது, அது மரத்தால் ஆனது, அது நமக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். டீச்சரின் பிரிவில் இருந்து வந்த ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டுக் கதவு காலையில் அப்பாவை வெளியே துப்பும். சாயங்காலம் திரும்ப விழுங்கும். அப்பா கசப்பு என்பதால் முகத்தைச் சுளிக்கும். அதுதான் அந்தக் கிரீச் சத்தம்."

இது அந்த வயதுப் பிள்ளை எழுதுகிற எழுத்தா? நான் சந்தேகப்பட்டேன். கூப்பிட்டு விசாரித்தேன்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார்."

"பொய் சொல்லக் கூடாது. அப்பாவா?"

"அப்பா எப்படி சார் எழுதுவாரு? அப்போ அவரு கதவோட வயித்துக்குள்ளதானே இருந்தாரு!"

அடுத்த பையனைக் கூப்பிட்டேன். அவன் வீட்டுக் கதவுக்குக் காய்ச்சல். அடுத்தவள் வீட்டுக் கதவு பக்கத்து வீட்டுக் கதவோடு பேசுவதில்லை, ஏதோ பழைய மனஸ்தாபம். ஒருத்தர் எழுதியது மாதிரி இன்னொருத்தர் எழுதவில்லை. காப்பி அடித்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். காப்பி அடிக்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏதோ நடக்கிறது! மண் டீச்சர் வகுப்பில் ஏதோ ரகசியமாகச் சொல்லிக்கொடுக்கிறார்! நம் கண்ணில் படாமல் ஏதோ ஒரு கைடு ஓடிக்கொண்டிருக்கிறது!

அதனால்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

என்ன பார்த்தேன்? வெறும் மண் தரை. ஒரு மரம். மூலையில் ஒரு குவியல். கால் உடைந்த பெஞ்சு, பலகைகள், வண்டி டயர்கள், கயிறு, ஓட்டை வாளி, கழற்றிப்போட்ட ஒரு ஜன்னல் சட்டம். இந்தப் பள்ளி வேண்டாம் என்று தூக்கி எறிந்த சாமான்கள் அத்தனையும் அங்கே இருந்தன. பிள்ளைகள் அதை இழுக்கிறார்கள், அடுக்குகிறார்கள், கலைக்கிறார்கள். டீச்சர் என்ன செய்கிறார்? குழாயடியில் நிற்கிறார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! ஒரு கண்ணால் மட்டும் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறார். இதற்கா சம்பளம் என்று எனக்குத் தோன்றியது. உங்களில் சிலருக்கும் தோன்றியது, இப்போது முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் தொட்டியின் மறைவை விட்டு வெளியே வந்தேன். பெஞ்சின் மேல் ஜன்னல் சட்டத்தை வைத்து உள்ளே உட்கார்ந்திருந்த பையனிடம், "டேய், இது என்னடா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். டீச்சர் குழாயடியிலிருந்து வந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. என் கையைப் பிடிக்காத குறையாக அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், தயவுசெஞ்சு அத மட்டும் கேக்காதீங்க."

"ஏன், கேட்டா என்ன? சொல்லத் தெரியாதா அவனுக்கு?"

"கேட்டா சொல்லிடுவான் சார். சொல்லிட்டா அப்புறம் அது அதுவாவே நின்னுடும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே."

அன்றைக்கு இது எனக்குப் புரியவில்லை. விளக்கம் சொல்லித் தப்பிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தினமும் போய் நின்றேன், பார்த்தேன். காலையில் பெஞ்சாக இருந்தது ரொட்டிக் கடை ஆகும். கொஞ்ச நேரத்தில் கடைக்குத் திருடன் வருவான், பெஞ்சு சிறைச்சாலை ஆகும். திருடனுக்கு வயிற்று வலி வந்தால் அதே பெஞ்சு ஆஸ்பத்திரி. எது எதுவாக மாற வேண்டும் என்பதற்கு அங்கே ஓயாத சண்டை. அந்தச் சண்டையில்தான் ஒருத்தன் தான் சொல்வதை மற்றவன் நம்பும்படி சொல்லப் பழகினான். நம்பவில்லை என்றால் இன்னும் நல்லதாக ஒன்றை யோசித்தான். நான் வகுப்பறையில் கரும்பலகையை எத்தனை முறை தட்டினாலும் வராத வாக்கியங்கள் அந்த மண்ணில் புரண்டு எழுந்து வந்தன. என் விசாரணை முடிந்தது. குற்றவாளி அகப்பட்டார். அவர் பெயர் மண் டீச்சர்!

அவர் மேல் புகார் வராமல் இருந்ததா? வந்தது. இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிற நர்ஸ் அம்மா அவர்களே கொண்டுவந்தார்கள். அவர்கள் மகன் வீட்டுக்குப் போய், "அம்மா, இன்னிக்கு நான் செத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். தாய் மனசு பதறாதா? மறுநாள் காலையில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க எம் புள்ளைக்கு? சாகறதையா?"

டீச்சர் கேட்டார்: "செத்துட்டேன்னு மட்டும்தான் சொன்னானா? எழுந்ததச் சொல்லலியா?"

"எழுந்தானா?"

"ஊசி போட்டு எழுப்பினாங்க. தப்பான ஊசி போல. எழுந்ததுலேர்ந்து குதிரை மாதிரியே கனைச்சிட்டிருந்தான். வீட்ல கனைக்கலியா?"

அம்மா சிரித்துவிட்டார்கள். அதோ, இப்போதும் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மன்னிக்க வேண்டும் அம்மா.

இனி, மைதானத்தில் புதிதாக வந்து இறங்கிய கப்பலுக்கு வருகிறேன். தாளாளர் ஐயா நகர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். ஐயா, உங்கள் மனசு நல்ல மனசு. அதை நான் சந்தேகிக்கவில்லை. வேறு நிறைய விஷயங்களைச் சந்தேகிக்கிறேன்.

டீச்சர் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் திரும்பி வரும்போது அவருக்கு ஓர் ஆச்சரியம் தர வேண்டும் என்று ஐயா நினைத்தார்கள். பழைய குவியலை அகற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கற்பனைப் பூங்கா! பொறியாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளைக் கேட்டுத்தான் செய்வேன் என்று நேரே மைதானத்துக்கே போனார். போய் என்ன கேட்டார்? கேட்கக் கூடாத அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். "இது என்ன?" பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள்: "கப்பல்!" அவரும் மகிழ்ந்து போய் ஒரு ஃபைபர் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். ஏணி உண்டு, சக்கரம் உண்டு, கொடி உண்டு. கீழே ரப்பர் தரை உண்டு. அன்றைக்குக் கப்பலாக இருந்தது அவருக்கு அதிர்ஷ்டம். முதல் நாள் வந்திருந்தால் அது போலீஸ் ஸ்டேஷன். நமக்கு இன்று ஒரு ஃபைபர் போலீஸ் ஸ்டேஷன் வந்து இறங்கியிருக்கும்!

சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடைக்கார அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதுல மண்ணு இல்லாம நான் பாக்கறது இதான் முதல் தடவை" என்று அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கிறது. டீச்சர் கப்பலைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எந்தப் பக்கம் முன்பக்கம்?" என்றார்.

"படத்துல மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்கற பக்கம்."

"அடிச்சே வந்துடுமா? அப்போ சண்டையே வராதே சார்."

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சபையோரே, சண்டை வராதே என்று கவலைப்பட்ட ஒரு டீச்சரை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் காலையில் கிளம்பி வர எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கப்பல் வந்தது. இறக்கியவர்களால் நிமிர்த்த முடியவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் சாய்ந்தவாக்கில் போட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அலுத்துப்போய் வகுப்புக்கு வந்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததை உறுதிப்படுத்திக்கொள்ளப் போனேன். சாய்ந்து கிடந்த அந்தக் கப்பலின் வயிற்றில் பலகைகளைச் சாத்தியிருந்தார்கள். கயிறு எங்கிருந்தோ வந்து தரையில் நீளமாகக் கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் கால் விரலில் நடக்கிறார்கள். நான் கேள்வி கேட்கவில்லை, எனக்குத்தான் பாடம் ஆகியிருந்ததே! ஒரு சின்னப் பெண் வந்து என் கால்சட்டையை இழுத்தாள்.

"சார், காலை எடுங்க. வால மிதிக்கிறீங்க. முழிச்சிக்கப் போகுது."

எதனுடைய வால்? எது முழித்துக்கொள்ளும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைப் போன்ற சந்தேகப் பிராணிக்கு இது எத்தனை பெரிய தண்டனை தெரியுமா? ஆனால் நான் காலை எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.

அதற்கு மறுநாள் டீச்சர் போய்விட்டார். மைதானம் பூட்டப்பட்டது. துக்கம் என்றார்கள். நான் நம்பினேனா? கடைசி வரிசையைப் பாருங்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு நண்பர் உட்கார்ந்திருக்கிறார். பெற்றோர் இல்லை, ஆசிரியர் இல்லை. மடியில் துணி போட்டு மூடி ஒன்றை வைத்திருக்கிறார். தம்பி, துணியை எடுங்கள் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். டிரில்லிங் மெஷின்! இரங்கல் கூட்டத்துக்கு யாராவது டிரில்லிங் மெஷினோடு வருவார்களா? என்ன தம்பி, சத்தமாகச் சொல்லுங்கள். "என்னை ஏன் சார் இழுக்கறீங்க? நான் ஃபிட்டர். குவியலை எடுத்துட்டு கப்பலை நிமித்தி போல்ட் போடச் சொன்னாங்க. கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்னாங்க, இன்னும் முடியல" என்கிறார். கேட்டீர்களா சபையோரே! என்னைச் சுருக்கமாகப் பேசச் சொன்னது ஏன், மைதானத்துக்குப் பூட்டு ஏன் என்று இப்போது தெரிகிறதா?

தாளாளர் ஐயா பேச வேண்டும் என்கிறார்கள். பேசட்டும், மைக்கை அவர்கள் பக்கம் திருப்புகிறேன்.

"சார், எனக்கென்ன அந்தக் குவியல் மேல பகையா? ஒரு குழந்தை பலகையிலேர்ந்து விழுந்து தாடையில தையல் போட்டாங்களே, அன்னிலேர்ந்து எனக்கு நிம்மதி இல்ல. டீச்சர் இருந்தாங்க, பாத்துக்கிட்டாங்க. இனிமே யாரு பாப்பாங்க? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

நியாயமான பேச்சு. பயத்தில் பேசுகிறார்கள், பயத்தை நான் மதிக்கிறேன். அந்தக் குழந்தை விழுந்த அன்று டீச்சர் அழுததை நானும் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் தடவி, ஆணி இருக்கிறதா, சிலாம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பார். அதை இனி யார் செய்வது? அதுதானே ஐயா உங்கள் கேள்வி?

கொஞ்சம் பொறுங்கள். நர்ஸ் அம்மா எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கள் அம்மா.

"ஒரு வாரமா என் பையன் வீட்டுக்கு வந்து எதுவுமே சொல்றதில்லைங்க. சாகல, குதிரை ஆகல, ஒண்ணும் ஆகல. வெறும் பையனா சோபாவுல உக்காந்திருக்கான். எனக்குப் பயமா இருக்கு. தையல் போடறதுன்னா நான் போட்டுக்கறேன், அது என் வேலை. இதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

இந்தக் கூட்டத்தில் இதற்கு மேல் நல்ல அஞ்சலி வேறொன்று வரப்போவதில்லை. நான் என் உறுதிமொழிக்கு வருகிறேன். வழக்கமாக இந்த இடத்தில், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். அந்த 'தொடர்வோம்' மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் யார் எந்த வேலையைச் செய்வது என்றே தெரியாது. ஆகவே நான் 'தொடர்வேன்' என்கிறேன். நாளைக் காலையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து ஒவ்வொரு பலகையையும் நான் தடவிப் பார்ப்பேன். அந்த வேலைக்கு இந்தப் பள்ளியில் என்னைவிடத் தகுதியானவர் யார்? எந்தப் பலகையையும் நான் நம்ப மாட்டேன்! எந்த முடிச்சையும் நம்ப மாட்டேன்! நேற்றுப் பார்த்த டயரை இன்றும் சந்தேகப்படுவேன்! அதன்பிறகு குழாயடியில் போய்த் திரும்பி நின்றுகொள்வேன். கேள்வி கேட்க மாட்டேன். அதுதான் எனக்குக் கஷ்டம், ஆனாலும் கேட்க மாட்டேன்.

ஐயா, உங்கள் கப்பல் இருக்கட்டும். அதை நிமிர்த்த வேண்டாம், போல்ட் போட வேண்டாம், குவியலை எடுக்க வேண்டாம். கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும். ஃபிட்டர் தம்பி காத்திருக்கிறார், அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

"சரி தம்பி, இன்னிக்கு வேணாம்" என்கிறார்கள் ஐயா.

கை தட்டாதீர்கள்! இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு? ஐயா, மன்னிக்க வேண்டும், அந்த 'இன்னிக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு முறை சொல்லுங்கள்.

"வேணாம் தம்பி. நீங்க கிளம்புங்க."

சபையோரே, நீங்கள் அத்தனை பேரும் சாட்சி.

ஆயாம்மா, மைதானத்துச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? போய்த் திறந்து, இன்றைக்கு மட்டும் நீங்களே பலகைகளைத் தடவிப் பார்த்துவிடுங்கள். அப்படியே வகுப்புகளில் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் எல்லோரும் வெளியே போகலாம் என்று. ஐயாவைப் பார்க்க வேண்டாம், அவர்கள் தலையசைத்துவிட்டார்கள், நான் பார்த்தேன்.

இப்போது மண் டீச்சர் அவர்களுக்கு மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாம் வாயை மூடிக்கொண்டு நிற்போம், அவர்கள் கத்தட்டும். அவர்கள் விளையாடிக் களைத்து உள்ளே வரும்வரை நாம் யாரும் உட்காரப் போவதில்லை.